வயசான அம்மா அப்பாவோட பணமும் சொத்தும் அடுத்தவன் கைக்குப் போகாம சட்டப்படி காப்பாத்துறது எப்படி: முழுமையான வழிகாட்டி

எங்க அம்மாவுக்கு 74 வயசு. அப்பா போனதுக்கப்புறம் தஞ்சாவூர் பக்கம் ஊர்லயே தனியா இருக்காங்க, நான் கோயம்புத்தூர்ல. போன தடவ லீவுக்குப் போனப்ப அரிசி டின்னுக்குப் பின்னாடி மஞ்சப்பைக்குள்ள சுருட்டி வச்சிருந்த பாஸ்புக்க எடுத்துப் பாத்தேன், ஒன்றரை வருஷமா என்ட்ரியே போடல. பேங்க்ல கொண்டுபோய் மெஷின்ல விட்டா பக்கம் பக்கமா ஓடுது, பென்ஷன் ஏறுன மறுநாள் ஏடிஎம் 9,500, ரெண்டு நாள் விட்டு ஏடிஎம் 5,000, மாசா மாசம் அதே கதை. எங்க அம்மாவுக்கு ஏடிஎம் கார்ட எந்தப் பக்கம் சொருகணும்னே தெரியாது.

கேட்டா, "பெரியப்பா பையன் தாண்டி எல்லாம் பாத்துக்கறான், சித்தி சித்தின்னு எவ்வளவு பாசமா இருக்கான் தெரியுமா"ன்னாங்க. எனக்கு வயித்தக் கலக்கிடுச்சு. அன்னைக்கு ராத்திரியே ஈசி (வில்லங்கச் சான்று) போட்டுப் பாத்தா எங்க வீட்டு மேல பொது அதிகாரப் பத்திரம் ஒண்ணு பதிவாகியிருக்கு, அம்மா அவனுக்கு எழுதிக் கொடுத்த மாதிரி. "பென்ஷன் விஷயமா போட்டோ எடுக்கணும்னு ஒரு ஆபீசுக்குக் கூட்டிட்டுப் போனான், கைரேகை வச்சேன்"னு அவங்க சொல்றாங்க. அது சப் ரிஜிஸ்டரார் ஆபீஸ்னு அவங்களுக்குத் தெரியவே இல்ல. வீடு கைமாறல, அதுக்குள்ள பிடிச்சிட்டோம்.

அதுக்கப்புறம் அலைஞ்சு திரிஞ்சு தெரிஞ்சுகிட்டத எல்லாம் இங்க எழுதறேன். ஒண்ணு மட்டும் முதல்லயே சொல்லிடறேன், ஏன்னா நிறைய பேர் தப்பு பண்றது இங்கதான். பாதுகாக்கணும்னு சொல்லி சொத்த உங்க பேருக்கு மாத்தாதீங்க. அண்ணன் பேருக்கும் வேணாம், அக்கா பேருக்கும் வேணாம். அம்மா அப்பா பேர்ல இருக்கறது அவங்க பேர்லயே இருக்கட்டும். அவங்கள யாரும் ஏமாத்த முடியாதபடி சுத்தி வேலி போடறதுதான் நம்ம வேலை.

முதல்ல உக்காந்து பேசுங்க

"உன்ன எல்லாரும் ஏமாத்தறாங்க"ன்னு ஆரம்பிச்சா கதவு மூடிடும். அவங்களுக்கு அது அவமானமா இருக்கும், அடுத்த தடவ ஏதாவது நடந்தா உங்ககிட்ட மறைப்பாங்க. நான் "அம்மா, நாளைக்கு எனக்கு ஏதாவது ஆச்சுன்னா எது எங்க இருக்குன்னு என் பையனுக்குத் தெரியணும், அதுக்காக என்னோடதையும் உன்னோடதையும் சேர்த்தே எழுதி வைக்கலாம்"னு ஆரம்பிச்சேன், அப்பதான் வாய் திறந்தாங்க. கூடப் பொறந்தவங்க இருந்தா எல்லாரையும் வச்சுகிட்டே பேசுங்க, இல்லன்னா நாளைக்கு நீங்கதான் அம்மாவ மயக்கிட்டீங்கன்னு பேச்சு வரும்.

என்ன இருக்குன்னு ஒரு நோட்டுல ஏத்துங்க

ஒரு முழு நாள் ஆகும். பாஸ்புக், எஃப்டி ரசீது, போஸ்ட் ஆபீஸ் கணக்கு, எல்ஐசி பாலிசி, மூலப்பத்திரம், பட்டா, வீட்டு வரி ரசீது. நகைய தனித்தனியா போட்டோ எடுத்து எடை போட்டு எழுதுங்க. நகை பீரோல இருக்குன்னு நெனச்சிட்டிருப்போம், அது அடுத்தவன் பேர்ல அடகுக் கடைல இருக்கும்.

கொடுக்கல் வாங்கலையும் கேட்டுக்கோங்க. யாருக்காவது சீட்டுக்கு ஜாமீன் போட்டாங்களா, சொசைட்டி லோனுக்கு கையெழுத்து போட்டாங்களா, வெத்து பேப்பர்லயோ பூர்த்தி பண்ணாத செக்லயோ ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டின பிராமிசரி நோட்டுலயோ கையெழுத்து வாங்கிட்டுப் போனாங்களான்னு மெதுவா கேளுங்க. "ஒரு பேப்பர்ல போட்டேன், என்னன்னு தெரியல"ன்னு பதில் வந்தா அதயும் தேதியோட எழுதி வைங்க, பின்னாடி உதவும்.

சொத்துக்கு பதிவுத்துறையோட டிஎன்ரெஜிநெட் வெப்சைட்ல வில்லங்கம் வீட்ல இருந்தே பாக்கலாம், காசு கிடையாது. சப் ரிஜிஸ்டரார் ஆபீஸ் பேரும் சர்வே நம்பரும் இருந்தா போதும். நான் இப்ப மாசம் ஒரு தடவ முதல் ஞாயித்துக்கிழமை பாத்துடறேன், பத்து நிமிஷ வேலை. பட்டா யார் பேர்ல இருக்குன்னும் அரசாங்க இ-சேவை தளத்துல பாத்துக்கோங்க.

பேங்க்ல செய்ய வேண்டியது

இதுதான் ரொம்ப பேருக்குப் புரியாத இடம், நிதானமாப் படிங்க. வயசானவங்க அக்கவுன்ட்ல இன்னொருத்தர ஜாயின்டா சேர்க்கும்போது பேங்க்ல ஒரு ஃபார்ம் நீட்டுவாங்க, அதுல "ஐதர் ஆர் சர்வைவர்"னு டிக் பண்ணிட்டு வந்துடுவோம். அதுக்கு அர்த்தம் ரெண்டு பேர்ல யார் வேணும்னாலும் எவ்வளவு வேணும்னாலும் எடுக்கலாம். அம்மாவ ஒரு வார்த்த கேக்காம மொத்தத்தயும் துடைச்சு எடுத்தாலும் பேங்க் கேள்வி கேக்காது. அதுக்குப் பதிலா "ஃபார்மர் ஆர் சர்வைவர்"னு போடுங்க. முதல் பேர்ல இருக்கற அம்மா உயிரோட இருக்கறவரைக்கும் அவங்க மட்டும்தான் எடுக்க முடியும், அவங்களுக்கு அப்புறம்தான் ரெண்டாவது ஆளுக்கு. எஃப்டிக்கும் இதே மாதிரி போடலாம். ஏற்கனவே ஐதர் ஆர் சர்வைவர்னு இருந்தா ரெண்டு பேரும் கையெழுத்து போட்டு மாத்திக்கலாம்.

நாமினிய சரிபாருங்க. 2025 நவம்பர் 1ல இருந்து டெபாசிட் கணக்குக்கு நாலு பேர் வரைக்கும் நாமினி போடலாம். ஆனா பேங்க் டெபாசிட்ல நாமினின்னா வாரிசுன்னு அர்த்தம் இல்ல, பணத்த வாங்கி சட்டப்படி யாருக்கு சேரணுமோ அவங்ககிட்ட சேர்க்கற ஆள் அவ்வளவுதான். ஷேர் விஷயத்துலயும் உச்ச நீதிமன்றம் 2023ல இதேதான் சொல்லிச்சு. "என்னைத்தான் நாமினியா போட்டிருக்காங்க, எல்லாம் எனக்கு"ன்னு எவனாவது சொன்னா நம்பிடாதீங்க.

உடம்பு முடியாம படுத்துட்டாங்க, கையெழுத்து போட முடியல, அதனால கார்டும் பின் நம்பரும் யார்கிட்டயாவது கொடுத்துத்தான் ஆகணும்னு நெனைக்காதீங்க. ரிசர்வ் பேங்க் விதிப்படி கட்டைவிரல் ரேகை வச்சு, கை முடியலன்னா கால் பெருவிரல் ரேகை வச்சுக்கூட பணம் எடுக்கலாம், பேங்க்குக்குத் தெரிஞ்ச ரெண்டு சாட்சி வேணும், அதுல ஒருத்தர் பேங்க் அதிகாரியா இருக்கணும். 70 வயசுக்கு மேல ஆனவங்களுக்கு வீட்டுக்கே வந்து பணம் கொடுக்கற, வாங்கற சேவையும் தரணும்னு 2017லயே சொல்லியாச்சு. மேனேஜர் தெரியாதுன்னு சொன்னா எழுத்துல கேளுங்க, அப்ப தெரியும்.

ஏடிஎம், யுபிஐ லிமிட்ட மாசச் செலவுக்கு ஏத்த மாதிரி குறைச்சு வைங்க. 50,000க்கு மேல செக் போனா பாசிட்டிவ் பே முறையில செக் விவரத்த பேங்க்குக்கு முன்கூட்டியே சொல்லி வைக்கலாம். எஸ்எம்எஸ் அலர்ட் அம்மா நம்பருக்கு வரட்டும், அந்த மெசேஜ் உங்களுக்கும் வர்ற மாதிரி அவங்க சம்மதத்தோட ஏற்பாடு பண்ணுங்க. எங்க வீட்ல இவ்வளவும் பண்ணோம், அவன்கிட்ட இருந்து கார்ட வாங்கி பிளாக் பண்ணி புதுசு எடுத்தோம், புது பின் அம்மாவத் தவிர யாருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

இன்னொண்ணு. பேங்க் கவுன்டர்லயே எஃப்டி போடப் போன வயசானவங்ககிட்ட இன்சூரன்ஸ் பாலிசிய கட்டி விடறது நடக்குது. பாலிசி கைக்கு வந்த 30 நாளுக்குள்ள வேணாம்னு எழுதிக் கொடுத்தா சின்ன கழிவு போக பணம் திரும்ப வரும்.

போன், ஆதார்

போன்ல வர்ற மோசடிக்கு ஒரே வரி போதும்: டிஜிட்டல் அரெஸ்ட்னு, அதாவது போன்லயே கைது பண்றதுன்னு ஒண்ணு நம்ம நாட்டு சட்டத்துலயே கிடையாது. போலீஸ் யூனிஃபார்ம்ல வீடியோ கால்ல வந்தாலும் கட் பண்ணணும். இத பெரிய எழுத்துல எழுதி போன் பக்கத்துல ஒட்டுங்க, கீழ 1930ன்னு நம்பரும் எழுதுங்க. பணம் போயிடுச்சுன்னா எவ்வளவு சீக்கிரம் 1930க்கு அடிக்கறோமோ அவ்வளவு நல்லது, போன பணம் அடுத்தடுத்த கணக்குக்குத் தாவறதுக்குள்ள நிறுத்தி வைக்க வாய்ப்பு இருக்கு. பேங்க்குக்கும் உடனே எழுத்துல சொல்லுங்க. நம்ம தப்போ பேங்க் தப்போ இல்லாம வெளியாள் எடுத்திருந்தா 3 வேலை நாளுக்குள்ள சொன்னா நம்ம தலையில நஷ்டம் விழாதுன்னு ரிசர்வ் பேங்க் விதி இருக்கு. ஓடிபிய நாமளே சொல்லியிருந்தா மட்டும் பேங்க்ல சொல்றவரைக்கும் போனது நம்மளுது.

ஆதார் கைரேகைய லாக் பண்ணி வைங்க, எம்ஆதார் ஆப்ல பண்ணலாம். கைரேகை வச்சு பணம் எடுக்கற மெஷின் ஊர் ஊருக்கு வந்தாச்சு, "ரேகை சரியா விழல, இன்னொரு தடவ வைங்க"ன்னு ரெண்டு தடவ எடுக்கறவங்க இருக்காங்க. ஆனா லாக் பண்ணிட்டு மறந்துடாதீங்க, ரேஷன் கடைல ரேகை விழாம அம்மா வெயில்ல நின்னாங்க ஒரு நாள். ரேஷனுக்கும், பென்ஷன் லைஃப் சர்டிபிகேட்டுக்கும் போற முன்னாடி திறந்து விடணும்.

பவர் எழுதிக் கொடுத்திருந்தா

பவர்ங்கறது மேல சொன்ன அதிகாரப் பத்திரம்தான். சொத்து சம்பந்தப்பட்ட பவர்னா தமிழ்நாட்டுல ரிஜிஸ்டர் பண்ணியே ஆகணும், அதனால தேடினா கிடைக்கும். எழுதிக் கொடுத்தவங்களே அத ரத்து பண்ணலாம். அதே சப் ரிஜிஸ்டரார் ஆபீஸ்ல ரத்துப் பத்திரம் பதிவு பண்ணுங்க. அதோட வேலை முடிஞ்சுதுன்னு வீட்டுக்கு வந்துடாதீங்க. ரத்தானது ஏஜென்ட்டுக்கு (பவர் வாங்கினவருக்கு) தெரிஞ்சாதான் அவர கட்டுப்படுத்தும், வெளியாளுக்குத் தெரிஞ்சாதான் வெளியாள கட்டுப்படுத்தும்னு ஒப்பந்தச் சட்டத்துல இருக்கு. அதனால பவர் வாங்கினவருக்கு டெலிவரி ஒப்புதலோட பதிவு பண்ணின ஸ்பீட் போஸ்ட்ல (பழைய ரிஜிஸ்டர் தபால் 2025ல ஸ்பீட் போஸ்டோட சேர்ந்துடுச்சு) நோட்டீஸ், உள்ளூர் பேப்பர்ல ஒரு விளம்பரம், பேங்க்ல ஒரு கடிதம், மூணும் பண்ணணும். நாங்க தபால் அட்டையில அவன் போட்ட கையெழுத்த இன்னமும் பத்திரமா வச்சிருக்கோம்.

பத்திரத்துல "பணம் பெற்றுக்கொண்டு"ன்னு எங்கயாவது வரி இருக்கான்னு கட்டாயம் பாருங்க. ஏஜென்ட்டுக்கே அந்த சொத்துல பங்கு இருக்கற மாதிரி எழுதியிருந்தா சும்மா ரத்து பண்ண முடியாது, கோர்ட்டுக்குத்தான் போகணும்.

நிஜமாவே பவர் தேவைப்பட்டா பொது அதிகாரம் வேணாம். வாடகை வசூல், வரி கட்டறது, ஒரு கேஸ நடத்தறதுன்னு குறிப்பிட்ட வேலைக்கு மட்டும் கொடுங்க, "விற்கவோ அடமானம் வைக்கவோ அதிகாரம் இல்லை"ன்னு ஒரு வரி சேருங்க.

செட்டில்மென்ட், விடுதலைப் பத்திரம்: இங்கதான் ரொம்பப் பேர் கவுந்து போறாங்க

அப்பா உயில் எழுதாம போயிட்டா இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956 படி அவர் சுயமா சம்பாதிச்ச சொத்துல அம்மாவுக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் சமபங்கு, அப்பாவோட அம்மா இருந்தா அவங்களுக்கும் ஒரு பங்கு. காரியம் முடிஞ்ச கையோட "உனக்கு எதுக்கும்மா, நாங்க பாத்துக்க மாட்டோமா"ன்னு அம்மாகிட்ட விடுதலைப் பத்திரம் (தன் பங்க விட்டுக் கொடுக்கற பத்திரம்) வாங்கிடறாங்க. பதினாறாம் நாள் அழுது ஓஞ்சு கிடக்கறவங்க எந்தப் பேப்பர படிச்சுப் பாப்பாங்க. ஒரு வருஷமாவது அம்மா எதுலயும் கையெழுத்து போட வேணாம்னு பிள்ளைங்க எல்லாரும் பேசி வச்சுக்கோங்க.

தான செட்டில்மென்ட்னா உயிரோட இருக்கும்போதே சொத்த தானமா எழுதிக் கொடுக்கறது, அது உயில் மாதிரி கிடையாது. எழுதிப் பதிஞ்ச அன்னைக்கே சொத்து போயிடும், வாங்கினவர் ஏத்துகிட்ட பிறகு அம்மா மட்டும் போய் ஒருதலையா ரத்து பண்ண முடியாது. எழுதித்தான் ஆகணும்னு அவங்களே பிரியப்பட்டா ரெண்டு விஷயம் பத்திரத்துல இருந்தே ஆகணும். ஒண்ணு, ஆயுள் வரைக்கும் குடியிருக்கவும் வாடகை வாங்கவும் அனுபவிக்கற உரிமை அவங்களுக்கே. ரெண்டு, சாப்பாடு, மருத்துவம், இருப்பிடம்னு அடிப்படைத் தேவைகள வாங்கறவர் பாத்துக்கணும், தவறினா பத்திரம் ரத்தாகும்ங்கற நிபந்தனை.

ரெண்டாவது வரி ஏன் இவ்வளவு முக்கியம்னா, பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007ல 23ம் பிரிவு இருக்கு. 60 வயசு ஆனவங்க, தன்ன பாத்துக்கணும்ங்கற நிபந்தனையோட சொத்த எழுதிக் கொடுத்து, வாங்கினவர் பாக்காம விட்டா, அந்தப் பத்திரம் மோசடியில வாங்கினதா கருதப்படும், இந்தச் சட்டத்துக்குன்னு இருக்கற ட்ரிப்யூனல் (தீர்ப்பாயம்) செல்லாதுன்னு சொல்லலாம். அந்த நிபந்தனை இருந்துச்சுன்னு நிரூபிக்கணும்னு 2022ல உச்ச நீதிமன்றம் ஒரு வழக்குல சொன்னதால நிறைய பேருக்கு மனு தள்ளுபடி ஆச்சு. 2025 ஜனவரில மத்தியப் பிரதேச அம்மா ஒருத்தர் வழக்குல அதே உச்ச நீதிமன்றம், இது முதியவங்களுக்காக வந்த சட்டம், தாராளமாப் பொருள் கொள்ளணும், ட்ரிப்யூனல் சொத்த திரும்ப ஒப்படைக்கவும் உத்தரவு போடலாம்னு சொல்லிச்சு. அதே வருஷம் மார்ச்ல நாகப்பட்டினத்து அம்மா வழக்குல சென்னை உயர் நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேல போய், அன்பும் பாசமும்தான் காரணம்னு எழுதிக் கொடுத்ததுலயே பாத்துக்கணும்ங்கற நிபந்தனை அடங்கியிருக்குன்னு சொல்லிச்சு. அம்மா அப்பாவுக்கு நல்ல தீர்ப்புங்கதான். ஆனாலும் அந்த ஒரு வரி பத்திரத்துல இருந்தா வாதாடவே வேண்டியதில்ல.

வீட்டுக்கே பதிவு அதிகாரிய வரவழைச்சும் பதிவு பண்ணலாம், முடியாதவங்களுக்கு அது நல்ல வசதி. ஆனா கூடப் பொறந்தவங்களுக்கு சொல்லாம அவசர அவசரமா அப்படி ஒண்ணு நடக்குதுன்னா கவனிங்க.

உயில்தான் என் ஓட்டு

உயில சாகற வரைக்கும் எத்தனை தடவ வேணும்னாலும் மாத்தலாம், சொத்து கைய விட்டுப் போகாது, பிள்ளைங்களும் ஒழுங்கா இருப்பாங்க. ரெண்டு சாட்சி வேணும். பதிவு கட்டாயம் இல்ல, ஆனா பண்ணிடுங்க. சொத்து வாங்கப் போறவங்க சாட்சியா இருக்க வேணாம், அவங்க டாக்குமென்ட் ரைட்டர் கிட்டயும் போய் நிக்க வேணாம், அப்படி முன்னாடி நின்னாலே கோர்ட் சந்தேகமாப் பாக்கும். சாட்சி அம்மா அப்பாவ விட ரொம்ப இளையவங்களா இருக்கணும், நாளைக்கு கோர்ட்ல வந்து சொல்ல ஒருத்தராவது உயிரோட வேணுமே. முடிஞ்சா அவங்கள வழக்கமாப் பாக்கற டாக்டரையே ஒரு சாட்சியா போடுங்க, அன்னைக்கே தெளிவா இருக்காங்கன்னு சர்டிபிகேட்டும் வாங்கிக்கோங்க.

மறதி ஆரம்பிச்சுடுச்சுன்னா

நம்ம நாட்டுல பவர் கொடுத்தவருக்கு சித்தம் தெளிவில்லாம போனா அந்தப் பவரும் அதோட முடிஞ்சுது. அதனால டிமென்ஷியா முத்தின பிறகு பழைய பவர வச்சு எவனாவது சொத்த வித்தா அத எதுத்துக் கேக்கலாம். அதுக்கப்புறம் மருத்துவச் செலவுக்காக அவங்க பணத்த எடுக்கணும்னா உயர் நீதிமன்றத்துல ரிட் மனு போட்டு நம்மள கார்டியனா (காப்பாளரா) நியமிக்கச் சொல்லிக் கேக்கணும். கோமாவுல கிடந்த கணவரோட சொத்த நிர்வகிக்க மனைவிக்கு சென்னை உயர் நீதிமன்றம் 2024ல அனுமதி கொடுத்திருக்கு. அது காசும் நேரமும் பிடிக்கற வேலை, மறதியோட முதல் அறிகுறி தெரியும்போதே மேல சொன்ன பேங்க், உயில் வேலைகள முடிச்சிடுங்க.

ஏற்கனவே நடந்துடுச்சுன்னா

ஆர்டிஓ ஆபீசுக்குப் போங்க, வண்டி லைசென்ஸ் ஆபீஸ் இல்ல, வருவாய் கோட்டாட்சியர் ஆபீஸ். தமிழ்நாட்டுல 2007 சட்டத்துக்கு ட்ரிப்யூனல் அங்கதான். வெள்ளைத்தாள்ல எழுதினாப் போதும், கோர்ட் ஃபீஸ் கிடையாது, வக்கீல் இல்லாமலே நடத்தற மாதிரிதான் சட்டத்த அமைச்சிருக்காங்க. அம்மாவால வர முடியலன்னா அவங்க அனுமதி கொடுத்த ஆளோ அமைப்போ மனு போடலாம். ஜீவனாம்சம் மாசம் அதிகபட்சம் 10,000 வரைக்கும் கேக்கலாம், கேஸ் நடக்கும்போதே இடைக்காலமாவும் கேக்கலாம். நோட்டீஸ் போனதுல இருந்து 90 நாளுக்குள்ள முடிக்கணும், தவிர்க்க முடியலன்னா இன்னும் 30 நாள். உத்தரவுல திருப்தி இல்லன்னா அம்மா அப்பா 60 நாளுக்குள்ள கலெக்டர்கிட்ட மேல்முறையீடு பண்ணலாம்.

மனுல கோவத்த எழுதாதீங்க, தேதிய எழுதுங்க. எந்த தேதி பத்திரம், என்ன சொல்லி வாங்கினாங்க, எந்த மாசத்துல இருந்து சாப்பாடு போடல, மருந்துக்கு யார் கொடுத்தாங்க. பாஸ்புக் நகல், மருந்துக் கடை பில், ஈசி, பத்திர நகல் இணைங்க. வீட்ட காலி பண்ணித் தரச் சொல்லி கேக்கும்போது ஒண்ணு ஞாபகம் வைங்க, அங்க மருமக குடியிருந்தா குடும்ப வன்முறைச் சட்டப்படி அவங்களுக்கும் இருப்பிட உரிமை இருக்கு, ரெண்டையும் எடை போட்டுத்தான் முடிவெடுக்கணும்னு உச்ச நீதிமன்றம் 2020ல சொல்லியிருக்கு.

ஏமாத்தி கையெழுத்து வாங்கியிருந்தா போலீஸ்ல புகார் கொடுக்கலாம், பாரதிய நியாய சன்ஹிதால (ஐபிசிக்குப் பதிலா வந்த குற்றவியல் சட்டம்) ஏமாத்தறதுக்கு 318ம் பிரிவு, நம்பிக் கொடுத்தத சுருட்டினா 316ம் பிரிவு. பத்திரத்த ரத்து பண்ண சிவில் கோர்ட்டுக்குப் போறதா இருந்தா விஷயம் தெரிஞ்சதுல இருந்து 3 வருஷம்தான் டைம். அம்மாவுக்கு இலவச வக்கீல் கிடைக்கும், பெண்களுக்கு வருமான வரம்பே கிடையாது, மாவட்ட கோர்ட் வளாகத்துலயே சட்ட உதவி மையம் இருக்கு, போன்னா 15100. எங்க போறதுன்னே தெரியலன்னா முதியோர் ஹெல்ப்லைன் 14567க்கு அடிங்க.

எங்க அம்மா போலீஸ் வேணாம்னுட்டாங்க. "நம்ம தூக்கி வளத்த புள்ளடி, ஸ்டேஷன்ல நிக்கறத நான் பாக்கணுமா"ன்னு அழுதாங்க. எனக்கு ஆத்திரமாத்தான் இருந்துச்சு, ஆனா பணம் அவங்களுது, முடிவும் அவங்களுதுதான்னு விட்டுட்டேன். எழுத்துல ஒப்புகிட்டான், பாதிப் பணம் தவணையா வந்துச்சு.

உத்தரவு கைக்கு வந்தவங்க கடைசியா ஒரு வேலைய விட்டுடாதீங்க. ஆர்டர் காப்பிய சப் ரிஜிஸ்டரார் ஆபீஸ்ல கொடுத்து ஈசில ஏற வைங்க, பட்டா மாறியிருந்தா தாசில்தார் ஆபீஸ்ல மனு போட்டு அம்மா பேருக்குத் திருப்புங்க. ஈசில ஏறாத உத்தரவு வாங்க வர்றவன் கண்ணுக்குத் தெரியாது. ஒரு மாசம் கழிச்சு நீங்களே போட்டுப் பாத்து அந்த வரி வந்துடுச்சான்னு உறுதி பண்ணிக்கோங்க.